பழைய வண்டியில் சென்சார் கோளாறு: பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் சின்னதாக ஓர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். கார், வேன், சரக்கு ஆட்டோ எல்லாம் வரும். வண்டிதான் மாறும், கேள்வி மாறாது. "சென்சார் போயிருச்சாமுங்க, வாங்கிட்டே வந்துட்டேன், மாட்டி மட்டும் குடுங்க" என்று டப்பாவும் கையுமாக வருகிறவர்கள் ஏராளம். பல நாள் அந்த டப்பாவைப் பிரிக்க வேண்டிய வேலையே இருக்காது. கடைக்காரர் எலெக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார் என்பது அதற்கு மேல் ஒரு வருத்தம். ஃபோனில் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

செக் இன்ஜின் லைட்டு எரியுதுங்க. வண்டிய ஓட்டலாமா, நிறுத்தோணுமா?

மஞ்சள் லைட் நின்று எரிந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் எஞ்சின் மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலையில் பல சென்சார் வாங்கலாம். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஓரங்கட்டுங்கள். சிவப்பு ஆயில் லைட்டும் சிவப்பு டெம்பரேச்சர் லைட்டும் வேறு கதை. "சென்சார் தப்பாக் காட்டுது" என்று அதையும் நினைத்து ஓட்டிப் போய் எஞ்சினையே இறக்கியவர்கள் உண்டு. அவை எரிந்தால் உடனே ஆஃப்.

இன்னொன்று. சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், அந்த மஞ்சள் லைட் எரிந்தாக வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்பு போயிருக்கலாம், எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்முக்குக் கரண்ட் வராமல் இருக்கலாம், இல்லையென்றால் உங்களுக்கு விற்றவர் பல்பையே பிடுங்கியிருக்கலாம். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் இதைப் பாருங்கள். டயரை எட்டி உதைப்பதெல்லாம் அப்புறம்.

என்ற வண்டி 2003 மாடலுங்க. அதுல சென்சாரெல்லாம் இருக்குமா?

பெட்ரோல் கார் என்றால் இருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. மாருதி 800 கூட அந்தச் சமயத்தில் மாறியதுதான். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவருக்கு இங்கே வேலை இல்லை. டீசலில், மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிகளில் சென்சார் சொற்பம். கம்ப்யூட்டர் சொல்படி டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் வந்த பிறகுதான் பெட்ரோல் வண்டியை மிஞ்சும் அளவுக்கு வயர் வந்தது.

மாடல் வருடத்தை நான் கேட்பதற்கு வேறு காரணம் உண்டு. நம் நாட்டில் ஓபிடி என்னும் தானே கோளாறு சொல்லும் முறை, பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை விதிப்படி வந்த கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும், அது எல்லா ஸ்கேனரோடும் (அந்தச் சாக்கெட்டில் செருகிக் கோளாறைப் படிக்கும் கருவி) பேசும் என்று எதிர்பார்க்க முடியாது.

சென்சார்னா உள்ள என்னதானுங்க நடக்குது?

எஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டர்தான் இசிஎம். அதற்கு வோல்ட் ஒன்றுதான் புரியும். அதனால் ஒவ்வொரு சென்சாரும் தான் பார்த்ததை வோல்ட்டாக மாற்றிச் சொல்கிறது. பெரும்பாலான சென்சாருக்கு இசிஎம்மே 5 வோல்ட் கொடுக்கும். பேட்டரியின் 12 வோல்ட் ஏறி இறங்கும், இந்த 5 வோல்ட் அசையாது. அளக்கிற கோலே நீண்டு சுருங்கினால் அளவு என்னாவது?

ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று பார்க்கும் த்ராட்டில் சென்சார் பழைய ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரி. மூன்று வயர்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்), நடுவில் சிக்னல். மிதிக்காதபோது அரை வோல்ட் அளவில் இருக்கும், முழுக்க மிதித்தால் நாலு, நாலரைக்குப் போகும். காற்றழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சாரும் மூன்று வயர்தான். எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் கூலன்ட் சென்சாருக்கு இரண்டே வயர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஏறத்தாழ 20 டிகிரியில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம் இருப்பது, 80 டிகிரியில் முந்நூறு ஓம் பக்கம் வந்துவிடும்.

கேட்டு வாங்காமல் தானே கரண்ட் உண்டாக்கும் சென்சார்களும் உண்டு: எஞ்சின் சுற்றுவதைப் பார்க்கும் இரண்டு வயர் கிராங்க் சென்சார், எஞ்சின் தட்டுவதைக் கேட்கும் நாக் சென்சார், சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஆக்சிஜன் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேச ஆரம்பிக்கும். பிறகு 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடும். அது ஆடாமல் ஓரிடத்தில் நின்றால்தான் கவலை.

ஸ்கேனர்ல பி0118-னு வந்துச்சு. கூலன்ட் சென்சார் புதுசு போட்டும் லைட்டு போகலைங்களே?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். ஸ்கேனர் சொல்வது சுற்றின் பெயரை. பொருளின் பெயரை அது சொல்வதில்லை. பி0118 என்னும் கோடு (கோளாறு எண்) வந்தால் "கூலன்ட் சென்சார் சுற்றில் வோல்ட் அளவுக்கு மேல்" என்று பொருள். பி0117 என்றால் "அளவுக்குக் கீழ்". சென்சார், அதில் வயரைச் செருகும் கப்ளர், இரண்டு வயர், எர்த், இசிஎம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சுற்று. தோட்டத்து மோட்டாரில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரையா உடனே கழற்றி மாற்றுவோம்? ஃபியூஸ், வயர், ஃபுட் வால்வு எல்லாம் பார்ப்போம் அல்லவா.

இந்த சென்சார் வோல்ட்டைக் கீழே இழுக்கிற வேலையைச் செய்கிறது. இசிஎம் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் விடும். சென்சார் அதை எர்த் பக்கம் இழுக்கும். வயர் எங்கேயாவது அறுந்தால் இழுக்க ஆளில்லை, வோல்ட் 5-க்கு ஏறிவிடும். இசிஎம் "இது என்ன, மைனஸ் 40 டிகிரி குளிரா?" என்று குழம்பி பி0118 போடும். ஆகவே இந்தக் கோடு வந்தால் முதல் சந்தேகம் அறுந்த வயர், தளர்ந்த கப்ளர், எர்த் இல்லாமை.

சோதனை இரண்டு நிமிடம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப், ஸ்கேனரில் கூலன்ட் டெம்பரேச்சர் ஓடட்டும். கப்ளரைக் கழற்றுங்கள், மைனஸ் 40 காட்ட வேண்டும். இப்போது கப்ளரின் இரண்டு துளையையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள், 120, 130 என்று உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசிஎம்மும் நலம், சென்சாரை மாற்றுங்கள். இணைத்த பிறகும் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரை நூறு தடவை மாற்றினாலும் லைட் போகாது, வயரைத் தேடுங்கள். இந்த வித்தை இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் கப்ளரில் 5 வோல்ட்டை எர்த்தோடு இணைத்து விளையாடாதீர்கள்.

என்ற வண்டிக்கு ஸ்கேனரே ஏற மாட்டேங்குது. அப்ப என்ன பண்றது?

முதலில் சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா பாருங்கள். 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்ட், 4-லும் 5-லும் எர்த். அது இல்லாமல் ஸ்கேனரைத் திட்டிப் பயனில்லை. சிகரெட் லைட்டர் ஃபியூஸிலிருந்தே அந்த சாக்கெட்டுக்கும் கரண்ட் போகிற வண்டிகள் உண்டு. மொபைல் சார்ஜர் எரித்த ஃபியூஸால் "இசிஎம் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிவிட்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் சரி, ஆனாலும் பேசவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேட வேண்டும். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் புளூடூத் டாங்கிள் 2013-க்குப் பிந்தைய வண்டிக்கு நல்ல துணை, முந்தையதற்கு அதிர்ஷ்டம்தான். பழைய சுஸுகி எஞ்சின்கள் சிலவற்றில் டயக்னாசிஸ் முனையை எர்த் செய்தால் செக் இன்ஜின் லைட்டே சிமிட்டிக் கோடு சொல்லும். ஒரு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு வந்தால் 12, அதாவது கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை. எந்த முனை என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் பார்த்தே செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டாலும் மல்டிமீட்டர் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும்.

மீட்டர் எதுக்குங்க, டெஸ்ட் லேம்ப் போதாதா? எங்க மாமா அதுலதான் லாரியே வயரிங் பண்ணுவாரு.

மாமா செய்தது ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர். அதற்கு டெஸ்ட் லேம்ப்தான் ராஜா. சென்சார் வயர் மெலிந்த சமாச்சாரம். பல்பு இழுக்கும் கரண்ட் சிக்னலைக் குலைக்கும், இசிஎம்மின் உள் பாகத்தைக்கூடப் பதம் பார்த்துவிடும். டிஜிட்டல் மீட்டரின் உள் தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது வயரைத் தொட்டதே இசிஎம்முக்குத் தெரியாது.

வயரின் தோலைக் குத்திப் பார்க்காதீர்கள். அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி ஆறு மாதத்தில் உள்ளே பச்சை பூக்கும். கப்ளரின் பின்பக்கம், வயர் நுழையும் ரப்பரை ஒட்டி மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். நான் வைத்திருப்பது பனியன் கம்பெனியில் ஒடிந்துபோன தையல் மிஷின் ஊசிகள். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குக் காசு கொடுத்து வாங்குவானேன். ஓம்ஸில் அளக்கும்போது மட்டும் சாவி ஆஃப், கப்ளர் கழற்றியிருக்க வேண்டும்.

எர்த்து எர்த்துங்கறீங்க. ஓம்ஸ் வெச்சுப் பாத்தா சைபர்தான் காட்டுது, அப்புறம் என்னங்க?

ஓம்ஸில் மீட்டர் விடுவது எறும்பு அளவு கரண்ட். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது சைபர் காட்டும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போகலாம், கரும்பு லாரி போகுமா? அதனால் சுமை ஓடும்போது வோல்ட் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில் (கிளாம்பில் வைக்கக்கூடாது, குமிழிலேயே), சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் பட்டை கெட்டுவிட்டது. பிறகு வண்டி ஓடும்போது ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு, சென்சார் கப்ளரின் எர்த் வயருக்கும் அதே நெகட்டிவ் குமிழுக்கும் நடுவே பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 5 வோல்ட்டில் பேசுகிறவனுக்கு அரை வோல்ட் பொய் பெரிய பொய்.

ஒரு வேன் வந்தது. கியர்பாக்ஸ் இறக்கி கிளட்ச் மாற்றிய நாளிலிருந்து, ஹெட்லைட் போட்டால் ஐடிலிங் ஏறி இறங்கும், டெம்பரேச்சர் முள் ஆடும். மூன்று சென்சார் மாற்றியாயிற்று. செல்ஃப் அடிக்கும்போது தற்செயலாக ஆக்சிலேட்டர் கேபிளில் கை பட்டது, கை சுட்டது. எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தார்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட், வேறு வழி இல்லாமல் அந்தக் கேபிள் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு போல்ட்டும் ஒரு பட்டையும்தான் செலவு. கழற்றிய மூன்று சென்சாரையும் துடைத்து அவரிடமே கொடுத்தேன், மூன்றும் நல்ல சென்சார்.

பேட்டரிக்கும் சென்சாருக்கும் என்னங்க சம்பந்தம்?

நிறைய. எதைத் தொடுவதற்கு முன்பும் பேட்டரியை அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.6, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகாமல், வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள். டைனமோவில் டயோடு ஒன்று கெட்டால் டிசியோடு ஏசியும் கலந்து வந்து எல்லா சென்சாரையும் குழப்பும். வண்டி ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியை அளந்தால் அது தெரிந்துவிடும், அரை வோல்ட் காட்டினாலே டைனமோவைக் கழற்ற வேண்டியதுதான். "டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு பாக்கறேன்" என்று ஓடுகிற வண்டியில் பேட்டரியைக் கழற்றும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த ஒரு நொடி ஏறும் வோல்ட் இசிஎம்மைத் தீர்த்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் உட்ட மறுநாள்ல இருந்து மிஸ் அடிக்குதுங்க.

பானட்டைத் திறந்து பிரஷர் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றி ஊதிக் காயவைத்தால் பாதி வண்டிகள் அங்கேயே சரியாகும். அப்படியே கப்ளருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள், யாரோ எப்போதோ கழற்றும்போது விழுந்திருக்கும். பின்னில் பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பூக்கும்.

எலி கடிச்சுப் போட்டுருச்சு. முறுக்கி டேப் சுத்துனாப் பத்தாதுங்களா?

பொள்ளாச்சி பக்கம் தோப்பு வீடுகளிலிருந்து வரும் வண்டிகளில் இது வாராந்திர வேலை. எலி ஒரு பக்கம், அணில் ஒரு பக்கம். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி, முறுக்கு தளர்ந்து, ஆறேழு மாதத்தில் "வண்டி சில நேரம் மட்டும் மக்கர் பண்ணுது" என்று திரும்ப வருவீர்கள். ஈயம் வைத்தோ, சரியான கிரிம்ப் ஸ்லீவ் வைத்தோ இணைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். நாலு வயர் அறுந்திருந்தால் நாலு ஜாயிண்ட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஏணிப்படி மாதிரி தள்ளித் தள்ளி வையுங்கள்.

கிராங்க் சென்சார் வயரில் கூடுதல் கவனம் வேண்டும். அது ஒன்றையொன்று முறுக்கியபடியோ, மேலே வலை போட்டோ வரும். ஸ்பார்க் காயிலின் இரைச்சல் சிக்னலில் ஏறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஜாயிண்ட் போட்ட பிறகு முறுக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இதைச் செய்யாத வண்டி ஐடிலிங்கில் நன்றாக இருக்கும், வேகம் பிடித்தால் வெட்டும்.

சூடானா பொட்டுனு நின்னுக்குது. அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது!

வால்பாறை மலையின் 40 கொண்டை ஊசி வளைவோ, திம்பத்தின் 27-ஓ ஏறும்போது இப்படி நின்றவர்கள் பாதி இரவில் ஃபோன் செய்வார்கள். கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் தொட்டுக்கொள்ளும். பட்டறைக்கு வருவதற்குள் ஆறிவிடுவதால் ஓம்ஸில் நல்லதாகவே காட்டும். அதனால் நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழுகிறதா? ஸ்கேனரில் ஆர்பிஎம் 200 சொச்சம் காட்டுகிறதா? சைபராகவே இருந்தால் கிராங்க் சுற்றுதான். ஆர்பிஎம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, சாவி போட்டதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி கேட்கும் "உய்ங்" சத்தமும் இல்லை என்றால் பெட்ரோல் பம்போ அதன் ரிலேயோ.

பட்டறையில் என்றால் சென்சாரைக் கழற்றி மீட்டரில் மாட்டி, தலை காயவைக்கும் டிரையரால் சூடேற்றுவேன். இரண்டு வயர் ரகம் மாடலைப் பொறுத்து சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். சூட்டில் திடீரென்று அளவில்லாமல் போனால் பிடிபட்டது. மூன்று வயர் ஹால் ரகத்தை ஓம்ஸில் அளக்கக்கூடாது, அதற்குக் கரண்ட் கொடுத்து சிக்னல் மேலும் கீழும் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கோடே இல்லீங்க. ஆனா மைலேஜ் உழுந்து போச்சு, புகை வாசம் வேற.

கொஞ்சம் சிக்கலான கேள்வி. கோடு விழ வேண்டுமென்றால் வோல்ட் எல்லையைத் தாண்ட வேண்டும். எல்லைக்குள்ளேயே பொய் சொன்னால் இசிஎம் நம்பிவிடும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் ஸ்கேனரைப் போட்டு, கூலன்ட் டெம்பரேச்சரையும் உள்ளிழுக்கும் காற்றின் டெம்பரேச்சரையும் பாருங்கள். இரண்டும் அன்றைய வெயிலுக்கு ஒத்து, ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒன்று 28, இன்னொன்று 12 என்றால் பொய்யன் யாரென்று தெரிந்துவிட்டது. மேப் சென்சாருக்கும் இதே மாதிரி ஒரு பரீட்சை உண்டு. எஞ்சின் ஓடாதபோது அது காட்ட வேண்டியது வெளிக்காற்றின் அழுத்தம்: கோவையில் 96, 97 கிலோ பாஸ்கல், ஊட்டியில் 77, 78. ஊட்டிக்குப் போயும் 97-லேயே நின்றால் அது வேலையை விட்டு நாளாயிற்று.

ஆனால் நம் பக்கத்தில் இந்தப் புகாருக்குப் பெரிய காரணம் சென்சாரே இல்லை. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். எஞ்சின் 60 டிகிரியைத் தாண்டாது. கூலன்ட் சென்சார் உண்மையைத்தான் சொல்லும். இசிஎம் "இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது" என்று பெட்ரோலைக் கூட ஊற்றிக்கொண்டே இருக்கும். நல்ல சென்சாரைக் குற்றம் சொல்லி மாற்றியவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு காரணம் ரேடியேட்டரில் ஊற்றும் போர்த் தண்ணீர். நம் பக்கத்து உப்பு சென்சார் முனையில் சுண்ணாம்பாகப் படிந்து, சூடு உள்ளே போகத் தாமதமாகும். கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளை வெளேரென்று இருக்கும்.

அஞ்சாறு கோடு ஒண்ணா வருது. இசிஎம் போயிருச்சு, நாப்பதாயிரம் ஆகும்கறாங்க. நெசமாங்களா?

ஒரே ராத்திரியில் ஐந்து சென்சார் சாகாது. எல்லாருக்கும் பொதுவானதைத் தேடுங்கள். பேட்டரியும் எர்த்தும் மேலே சொன்னபடி சரியாக இருந்தால், அடுத்தது 5 வோல்ட். பல சென்சாருக்கு அது ஒரே வயரிலிருந்து பிரிந்து போகும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாருக்கும் கரண்ட் போய்விடும், ஒரு வீட்டு மோட்டார் ஃபேஸை இழுத்தால் தெருவே மங்குகிற மாதிரி. ஏதாவதொரு கப்ளரில் 5 வோல்ட் வயரில் மீட்டரை மாட்டி வைத்துவிட்டு, மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மீட்டர் 5-க்குத் துள்ளுகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வயர் எங்கோ உரசிப் பாடியைத் தொடுகிறது.

அதற்கும் பிறகுதான் இசிஎம். அதிலும் முதலில் இசிஎம்முக்கு வரும் பாசிட்டிவ், எர்த், மெயின் ரிலே மூன்றையும் சுமையோடு அளந்துவிட வேண்டும். நான் பார்த்ததில் நிஜமாகவே செத்த இசிஎம்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் செத்தவை: தண்ணீர் புகுந்தது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தது. பாடி கட்டுகிற வேலை அதிகம் நடக்கும் ஊர்கள் நம்முடையவை. வெல்டிங்குக்கு வண்டியை விடும் முன் இரண்டு பேட்டரி கிளாம்பையும் நீங்களே கழற்றிவிட்டு வாருங்கள்.

கேஸ் கிட்டு போட்டிருக்கேன். அதனாலயும் கோடு வருமா?

வரும். கிட் மாட்டும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வயரை வெட்டி, இன்ஜெக்டர் ஓடுவது போல இசிஎம்முக்குக் காட்டும் எமுலேட்டரை நடுவில் வைப்பார்கள். த்ராட்டில், ஆக்சிஜன் சென்சார் வயர்களில் ஒட்டுப் போடுவார்கள். அந்த ஒட்டு பெரும்பாலும் தோலைச் சீவி முறுக்கியதுதான். பெட்ரோலில் மட்டும் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கோடு கேஸில் மட்டும் வந்தால் கிட்டின் ட்யூனிங், இரண்டிலும் வந்தால் அந்த ஒட்டுகள்.

உக்கடத்துல பழைய சென்சார் பாதி வெலைக்குக் கெடைக்குதே, வாங்கலாமுங்களா?

த்ராட்டில் பாடி, மேப் சென்சார் மாதிரி கழற்றிச் சோதிக்கக் கூடியதை வாங்கலாம். பழைய கிராங்க் சென்சாரும் ஆக்சிஜன் சென்சாரும் வேண்டாம், இரண்டும் வயதானால் சாகிற ஜாதி. பழைய இசிஎம் வாங்கினால், இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு உள்ள வண்டியில் சாவியோடு ஒத்துப்போகாமல் ஸ்டார்ட்டே ஆகாது. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நான் தேடி வாங்குவது வேறொன்று: ஒரு சாண் வயரோடு வெட்டிய நல்ல கப்ளர்கள். புதிதாகத் தனியே கிடைக்காத பொருள் அது.

பேட்டரியக் கழட்டி மாட்டுனா லைட்டு போயிருதே, அப்பறம் எதுக்குங்க இவ்வளவு பாடு?

கோளாறு இருந்தால் திரும்ப எரியும். நடுவில் நீங்கள் இழப்பது, கோடு விழுந்த கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று இசிஎம் குறித்து வைத்த விவரம். என்னிடம் வரும் முன் அழிக்காதீர்கள், அழித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரோட்டுல மக்கர் பண்ணுது, உங்க பட்டறைக்கு வந்தா மட்டும் நல்லா ஓடுது. நாங்க பொய் சொல்றோம்னு நெனைக்கறீங்களா?

இல்லை. விட்டு விட்டு வரும் கோளாறுதான் இந்தத் தொழிலிலேயே கடினம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது வயர்க் கட்டான ஹார்னஸைப் பகுதி பகுதியாக அசைத்துப் பாருங்கள், கப்ளர்களை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். மீட்டரில் மினிமம், மேக்சிமம் பதியும் வசதி இருந்தால் ஒரு நொடி விட்டுப்போனாலும் பிடித்துவிடும். ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி த்ராட்டில் சென்சாரைப் பார்க்கும்போது மட்டும் பழைய முள் மீட்டர் டிஜிட்டலைவிட மேல். தேய்ந்த இடத்தில் முள் குதிப்பது கண்ணுக்கே தெரியும்.

எப்போது வருகிறது என்று நீங்கள் சொல்வதுதான் பெரிய துப்பு. ஒருவர் சிவன்மலைக்கு மேலே ஏறும்போது வளைவில் மட்டும் வண்டி வெட்டுகிறது என்றார். கீழே எல்லாம் சுத்தம், கோடும் இல்லை. த்ராட்டில் சிக்னல் வயரில் மீட்டரை மாட்டி, முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். இரண்டாவது வளைவில் 1.4 வோல்ட் சைபருக்கு விழுந்து திரும்ப எழுந்தது. எஞ்சின் மவுண்ட் ரப்பர் நைந்து, ஏற்றத்தில் அழுத்தும்போது எஞ்சின் சாய்ந்து, எப்போதோ ஒட்டுப்போட்டதில் நீளம் குறைந்திருந்த வயர் இழுபட்டிருக்கிறது. தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. மவுண்ட் மாற்றி, வயரில் மூன்று அங்குலம் சேர்த்தோம். அவர் வாங்கி வந்திருந்த புது த்ராட்டில் சென்சார் இன்னும் டப்பா பிரிக்காமல் அவர் டேஷ்போர்டில் கிடக்கிறது.